வுல்பிட் கிராமத்தின் பச்சைக் குழந்தைகள்!

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வுல்பிட் என்றொரு கிராமம். ஓநாய் பிடிக்க வெட்டிய குழிகளால் வந்த பெயர் அது. 12-ம் நூற்றாண்டில் ஓர் அறுவடைக் காலம். அந்தக் குழிகளின் பக்கத்தில் ஓர் அக்காவும் தம்பியும் கிடைத்தார்கள். உடம்பெல்லாம் பச்சை நிறம்! பேசிய பாஷை ஒருவருக்கும் புரியவில்லை.

ரிச்சர்ட் டி கால்ன் என்ற பிரபுவின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைகளுக்கோ அகோரப் பசி. ஆனால் எதைக் கொடுத்தாலும் தொடவில்லை. செடியோடு பறித்து வந்த பீன்ஸைப் பார்த்ததும் ஆவலாக வாங்கினார்கள். காயை விட்டுவிட்டுத் தண்டைப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றதும் ஒரே அழுகை! யாரோ காயை உரித்துக் காட்டிய பிறகுதான் வயிறு நிறைந்தது.

தம்பி சீக்கிரமே இறந்துபோனான். அக்கா மற்ற உணவுகளுக்குப் பழக, பச்சை நிறமும் மறைந்தது. உள்ளூர் பாஷை கற்றபின் அவள் சொன்னது: “எங்கள் ஊரில் சூரியன் கிடையாது. எப்போதும் அந்தி வெளிச்சம்தான்.”

ரிச்சர்ட் வாயாலேயே கேட்டு இதை எழுதி வைத்தவர், ரால்ஃப் என்ற துறவி.

பெல்ஜியம் பக்கமிருந்து குடியேறிய பிளெமிஷ் குடும்பத்து அநாதைகளாக இருக்கலாம், சத்துக்குறைவால் தோல் பச்சையாகியிருக்கலாம் என்கிறார்கள் சிலர். நம்பலாம்தான். ஆனால், அந்த வட்டாரத்தில் பிளெமிஷ்காரர்கள் புதியவர்கள் இல்லையே! பிரபுவின் வீட்டில் ஒருவருக்குக்கூடவா அந்தப் பாஷை பிடிபடவில்லை? பீன்ஸ் எங்கே காய்க்கும் என்றுகூடவா பிள்ளைகளுக்குத் தெரியாது?

இன்றும் வுல்பிட்டின் ஊர்ப் பலகையில் அந்த இருவரும் நிற்கிறார்கள். இத்தனையும் எழுதிய ரால்ஃப், அந்தச் சிறுமியின் பெயரை மட்டும் எழுதவில்லை.