காலராவை வடிகட்டிய பழைய சேலை

கொல்கத்தாவில் சேலை எடுக்க வேண்டுமென்றால் பலரும் கரியாஹாட் சந்தைக்குப் போவார்கள். துர்கா பூஜை நெருங்கினால் அந்த நடைபாதைகளில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே வாங்கிய பருத்திச் சேலை பல வருடம் உடுத்தித் துவைத்து நைந்துபோன பிறகும் ஒரு பெரிய வேலை செய்யும். காலராவைத் தடுக்கும்.

1884-ல் விஞ்ஞானி ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் கண்டது இதே கொல்கத்தாவில்தான்; இங்கே குளத்து நீரிலும் அதைக் கண்டார். அதன் நீளம் சுமார் 2 மைக்ரான்தான். தனியாக நீந்தினால் எந்தச் சேலையிலும் நுழைந்து போய்விடும். ஆனால் குளத்திலும் ஆற்றிலும் அது பெரும்பாலும் கூட்டமாகவே வாழ்கிறது. இறாலுக்குத் தூரத்து உறவான கோபிபோட் என்னும் மிகச்சிறிய உயிரியின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, பசையைச் சுரந்து, அந்தப் பசைக்குள்ளேயே குடியிருக்கிறது. இதுதான் பயோஃபிலிம். காலையில் பல் துலக்குமுன் நாக்கில் வழவழவென்று தட்டுப்படுவதும் இன்னொரு பயோஃபிலிம்தான்.

பசைக்குள் இருக்கும் காலராக் கிருமியை நம் வயிற்று அமிலம் எளிதில் கொல்வதில்லை. பொதுவாகவே பயோஃபிலிமின் ஆழத்தில் கிடக்கும் கிருமிகள் பெருகாமல் மந்தமாக இருக்கும். பெருகும் கிருமியைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகள் அவற்றிடம் தோற்றுப்போகின்றன. தனித்து நீந்தும் கிருமிகளைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்தைக்கூட அவை தாங்கிவிடும்.

இந்தக் கூட்டு வாழ்க்கையே அவற்றைப் பிடிக்கவும் வழிசெய்தது. ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் ஆகிய விஞ்ஞானிகளின் குழுவினர் வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் பெண்களிடம் சொன்னது இவ்வளவே: பழைய சேலையை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் மொள்ளுங்கள், பிறகு துணியை அலசி வெயிலில் உலர்த்துங்கள். துவைக்கத் துவைக்க நூல் பிசிறுவிட்டு இடைவெளி சுருங்குவதால், 20 மைக்ரானுக்கு மேற்பட்டவை துணியில் தங்கிவிடும். கோபிபோட்டும் அதோடு ஒட்டிய கிருமிகளும் அப்படிச் சிக்கின. 2003-ல் முடிவு வெளியானது: காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. செலவே இல்லாத இந்த முறையை நான் பெரிய கண்டுபிடிப்புகளின் வரிசையில்தான் வைப்பேன். தனித்து நீந்தும் கிருமியையும் வைரஸையும் சேலை தடுக்காது. விறகோ கேஸோ இருப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைப்பதே நல்லது.

சிறுநீர்க் குழாய் போல உடலுக்குள் வைக்கும் கருவிகளிலும் கிருமிகள் பயோஃபிலிமாகப் படியும்; அதைத் துணியால் வடிகட்ட முடியாது, கலைக்கத்தான் வேண்டும். அதற்கான துப்பும் காலராக் கிருமியிடமே கிடைத்தது. கூட்டம் பெருகியதும் அவை தமக்குள் ரசாயனச் சமிக்ஞை அனுப்பி, பசை சுரப்பதை நிறுத்திக் கலைந்து போகின்றன. பிரின்ஸ்டனில் பானி பாஸ்லர் குழு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அந்தச் சமிக்ஞையை மருந்தாக்க முடியுமா, பசையை நொதிகளால் கரைக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. கலைந்து வெளியே வரும் கிருமியை ஆன்டிபயாடிக் எளிதாக வீழ்த்தும்.

அதுவரை ஆஸ்பத்திரிகளில் பயோஃபிலிம் படிந்த குழாயைக் கழற்றி எறிவதே பல நேரங்களில் ஒரே வழி. உங்கள் வீட்டு நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், அது இன்றும் தேவைதானா என்று தினமும் டாக்டரிடம் கேளுங்கள்.