தோளுக்கு ஒரு துணை

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு பையில் 2 கிலோ அரிசியைப் போட்டுக் கையில் பிடியுங்கள். கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி அசையாமல் நில்லுங்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் தோள் கடுக்கும், கை நடுங்கும். ஆனால் பை நகரவில்லை. ஆகவே, இயற்பியல் இலக்கணப்படி பையின் மீது நீங்கள் செய்த வேலை சுழி! பின் களைப்பு எங்கிருந்து வந்தது?

பையை மேசை மேல் வைத்தால் மேசை களைப்பதில்லை. தசையோ அப்படியன்று. இறுகி நிற்பதற்கே அதன் நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்ற வேண்டும். இதற்கு ஆற்றல் செலவாகிறது. இறுகிய தசை இரத்தக் குழாய்களை அழுத்துவதால் இரத்த ஓட்டமும் குறைகிறது.

இனி ஒரு கணக்குப் போடுவோமா? ஒருவரின் கை 3 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து 0.3 மீட்டரில் உள்ளது என்றும் கொள்வோம். g-யின் மதிப்பு 10 எனில், கையின் திருப்புத்திறன் 3 × 10 × 0.3 = 9 நியூட்டன் மீட்டர். பை 0.6 மீட்டரில் தொங்குகிறது. அதன் திருப்புத்திறன் 2 × 10 × 0.6 = 12. மொத்தம் 21. இதை ஈடுசெய்யும் தோள் தசையோ மூட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளித்தான் இழுக்கிறது. எனவே தேவைப்படும் விசை 21 ÷ 0.03 = 700 நியூட்டன். அதாவது, கையையும் 2 கிலோ பையையும் தாங்கத் தோள் தசை 70 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டியிருக்கிறது!

கார் தொழிற்சாலையில் தலைக்கு மேல் நகரும் வண்டியின் அடியில் நின்று திருகாணி முடுக்குபவரை இப்போது எண்ணிப் பாருங்கள். சில தொழிலாளர்கள் நாளொன்றுக்கு 4,600 முறை வரை கையை உயர்த்துவதாக ஃபோர்டு நிறுவனம் கூறியது. தோள் மூட்டு தேய்ந்து, வலி நிலைத்துவிடுவது இவர்களுக்குள்ள ஆபத்து.

இயந்திரத்தால் உதவ முடியாதா? 1965இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்ற இயந்திர உடையை உருவாக்கத் தொடங்கியது. 680 கிலோவைத் தூக்குவது இலக்கு. உடையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே! அதன் ஒரு கை மட்டும் 340 கிலோ வரை தூக்கியது. முழு உடையையும் இயக்க முயன்றபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. ஆகவே, உள்ளே மனிதரை நிறுத்தி அதை முழுமையாக இயக்கவே இல்லை. வலிமை தருவது எளிது. அணிந்தவரின் எண்ணத்தை உணர்ந்து நடப்பதே கடினம் என்பது அதில் கிடைத்த பாடம்.

எனவே சிலர் மோட்டாரை விட்டுச் சுருள்வில்லைப் பிடித்தனர். 2018இல் ஃபோர்டு நிறுவனம் 7 நாடுகளிலுள்ள 15 ஆலைகளில் 75 'எக்ஸோ வெஸ்ட்' மேலாடைகளைப் பயன்படுத்துவதாக அறிவித்தது. அதில் மோட்டாரும் இல்லை, மின்கலமும் இல்லை. கையைத் தாழ்த்தும்போது வில் ஆற்றலைச் சேமிக்கிறது. உயர்த்தும்போது அதைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு கைக்கும் ஏறத்தாழ 2 முதல் 7 கிலோ வரை தாங்குதல் கிடைக்கும்.

ஆனால் கையில் கருவி இருக்கிறதா, வெறுங்கையா என்பது வில்லுக்குத் தெரியாது. இங்கேதான் மின்திறன் பெற்ற துணைக்கருவிகள் மீண்டும் வருகின்றன. கையின் கோணத்தையும் விசையையும் உணர்விகள் அளக்கின்றன. சிறு கணிப்பொறி ஒன்று தேவையான உதவியைக் கணக்கிடுகிறது. மோட்டாரோ அழுத்தப்பட்ட காற்றோ அதைத் தருகிறது. ஜெனரல் மோட்டார்ஸும் நாசாவும் சேர்ந்து, 2011இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற 'ரோபோநாட் 2' இயந்திர மனிதனை உருவாக்கின. அந்த அனுபவத்திலிருந்து ஒரு கையுறையும் பிறந்தது. விரல்கள் ஒரு பொருளைப் பற்றுவதை உணர்ந்ததும், மோட்டார்கள் தசைநாண் போன்ற கயிறுகளை இழுத்துப் பிடியை வலுவாக்கும்.

குறைகளும் உண்டு. மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் எடை உண்டு. உதவி சற்றே பிந்தி வந்தாலும் அது உதவியாக இராது, இடையூறாகிவிடும்.

இப்போது மீண்டும் பையைப் பிடியுங்கள். உங்கள் நண்பர் தன் உள்ளங்கையை உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே, அடியில் கொடுத்துத் தாங்கட்டும். தோளிலிருந்து 0.25 மீட்டரில் அவர் 42 நியூட்டன் விசை கொடுத்தாலே உங்கள் தோளின் சுமை பாதியாகும். அந்தப் பாரம் மறைந்துவிட்டதா? இல்லை! அது நண்பரின் கால்கள் வழியே தரைக்குப் போகிறது. துணைக்கருவியில் நண்பர் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை அதன் சட்டத்தின் வழியே அணிந்தவரின் இடுப்புக்கே வருகிறது. குடத்தைக் கையில் தூக்காமல் இடுப்பில் சுமப்பது போலத்தான் இது.

ஆகவே ஒரு துணைக்கருவியைக் கண்டால், 'எவ்வளவு தாங்கும்?' என்பதோடு, 'அந்தப் பாரம் எங்கே போகிறது?' என்றும் கேளுங்கள். தோள் வலி குறைந்ததைக் காரணம் காட்டி வேலையைக் கூட்டினால், தோள் தப்பித்து இடுப்பு சிக்கிக்கொள்ளும். சில ஆலைகளில் வண்டியையே பக்கவாட்டில் சாய்த்துவிடுகிறார்கள். அங்கே கையை உயர்த்தவே வேண்டியதில்லை. திருப்புத்திறனைக் குறைக்க அதைவிட எளிய வழி உண்டா?