டைப்-சி இருக்கு, சரி... எந்த டைப்-சி?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் ஃபோட்டோ. அரிமளத்துல இருந்து எங்க அத்தை அனுப்பினது. காரைக்குடில ஒரு கடையில பேப்பர்ல எழுதிக் கொடுத்த ரெண்டு லேப்டாப் விலை. ஒண்ணு ரைஸன் 5 7520யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இன்னொண்ணு இன்டெல் ஐ3-1215யு, அதே 8 ஜிபி, அதே 512. ரைஸன் மூவாயிரம் ரூபா கூட. கீழ கடைக்காரர் கையெழுத்துல, "5 பெஸ்ட்".

அத்தை பொண்ணு திருச்சில சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் வருஷம். ரெண்டாவது செமஸ்டர்ல ப்ரோக்ராமிங் லேப் வருது. காசு, அத்தை மகளிர் குழுவுல எடுத்த கடன். மாசா மாசம் கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். அதாவது இந்தப் பொருள் நாலு வருஷம் ஓடியே ஆகணும். நடுவுல "பத்தலை, வேற வாங்கித் தா"ன்னு கேக்குற வாய்ப்பு அவளுக்குக் கிடையாது. நம்ம யூட்யூப்ல பாக்குற லேப்டாப் ரிவ்யூ பெரும்பாலும் இந்த மாதிரி வீட்டுக்காகப் பேசுறதில்ல. அதனால நான் பேசுறேன்.

முதல்ல அந்த "5 பெஸ்ட்" விஷயம். ஐ3, ஐ5, ரைஸன் 3, ரைஸன் 5ன்னு இருக்கிற அந்த முன்னாடி நம்பர் கம்பெனி போடுற விற்பனை அடுக்கு, அவ்வளவுதான். சமாச்சாரம் பின்னாடி இருக்கிற நாலு இலக்கத்துல இருக்கு. ரைஸன் 7000 வரிசையில மூணாவது இலக்கத்தைப் பாருங்க. 7520யு-ல அது 2. அப்படின்னா ஜென் 2, 2019-ல வந்த டிசைன். 7530யு-ன்னா 3, ஜென் 3. 7640யு-ன்னா 4, ஜென் 4. பத்து நம்பர்தான் தள்ளி இருக்கு, ஆனா 7520-ல 4 கோர், 7530-ல 6 கோர், டிசைனும் ஒரு தலைமுறை புதுசு. பெட்டியில பெருசா எழுதியிருக்கிறது ரெண்டுலயும் "ரைஸன் 5"தான்! இது ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா ஏஎம்டி இந்த இலக்க விளக்கத்தை வெளிப்படையாவே போட்டிருக்கு. ஆனா காரைக்குடி கடையில நிக்கிற ஒரு அம்மா அதைப் படிச்சிட்டு வரணும்னு எதிர்பார்க்கிறது என்ன நியாயம்னு தெரியல.

இந்தப் பக்கம் ஐ3-1215யு. ரெண்டு பெரிய கோர், நாலு சின்ன கோர், மொத்தம் எட்டு த்ரெட். சும்மா ப்ரவுசர்ல இருபது டேப், விஎஸ் கோட், ஒரு ஜாவா ப்ரோக்ராம்னு ஓட்டுறப்ப இந்த "3" அந்த "5"-ஐ முந்திடும். மூவாயிரம் கம்மி, வேகம் கூட.

ஆனா நான் ஐ3 பக்கம் சாஞ்சதுக்குப் பெரிய காரணம் ப்ராசஸர் இல்ல, ரேம். 7520யு எல்பிடிடிஆர்5 ரேமோட மட்டும்தான் வேலை செய்யும். அந்த வகை ரேம் இந்த மாதிரி லேப்டாப்ல போர்டோட பத்தவெச்சு வரும், அதாவது சால்டர் பண்ணியிருக்கும். இன்னைக்கு 8 ஜிபின்னா என்னைக்கும் 8 ஜிபி. விண்டோஸ் 11-ம் குரோமும் மட்டுமே அதுல பாதிக்கு மேல சாப்பிட்டுடும். மூணாவது வருஷம் ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ டாக்கரோ திறந்தா மூச்சு முட்டும். நாங்க பாத்த ஐ3 மாடல்ல டிடிஆர்4 ஸ்லாட் ஒண்ணு காலியா இருந்துச்சு.

எனக்கு ஸ்லாட்டோட அருமை தெரிஞ்சது அரசு லேப்டாப்லதான். 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா தொடங்கி வெச்ச திட்டம் தெரியும்ல, அதுல ப்ளஸ் டூல எனக்கும் ஒண்ணு கெடச்சது. விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். எங்க தெருவுல பாதிப் பேர் அதுல படம் பாத்தாங்க. நான் சி ப்ரோக்ராம் அடிச்சுப் பழகுனேன். காலேஜ்ல பின் மூடியைக் கழட்டி ஒரு ரேம் குச்சி சேத்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டதும் அது வேற மிஷினா மாறுச்சு. கடைசி வருஷ ப்ராஜெக்ட் வரைக்கும் ஓடுச்சு. இப்ப 2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு திரும்ப அறிவிச்சாங்க. உங்களுக்கு அது கிடைக்கிற நிலைமைன்னா, அவசரப்பட்டு கடன் வாங்கிடாதீங்க.

"ஸ்லாட் இருக்குல்ல, ரேம் அப்புறம் போட்டுக்கலாம்"னு நான் வழக்கமா சொல்வேன். இப்ப அதைக் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லணும். ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போற உயர்ரக மெமரியில லாபம் அதிகம்னு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. 2025 கடைசியில சாதாரண ரேம் விலை எகிறிடுச்சு. மைக்ரான் டிசம்பர்ல, தன்னோட க்ரூஷியல் பிராண்டை நுகர்வோர் சந்தையில இருந்தே எடுத்துடுறேன்னு அறிவிச்சிடுச்சு. நம்ம ஊர்ல ரேம் அப்கிரேட்னாலே நெறைய பேரு வாங்கினது அந்த க்ரூஷியல் குச்சிதான். அதனால 8-க்கும் 16-க்கும் கடையில விலை வித்தியாசம் எட்ற தூரத்துல இருந்தா இப்பவே 16 எடுத்துடுங்க. எட்டலைன்னா, காலி ஸ்லாட் இருக்கிறதா பாத்து எடுங்க. ரெண்டுமே இல்லாத மாடல் நாலு வருஷத்துக்கு ஆகாது.

சரி, இப்ப தலைப்புக்கு வருவோம்.

கடைக்காரர் அத்தைகிட்ட ரெண்டு லேப்டாப்லயும் "டைப்-சி இருக்கும்மா"ன்னு சொல்லியிருக்கார். உண்மைதான். ஆனா டைப்-சிங்கிறது ஓட்டையோட வடிவத்துக்குப் பேரு. 24 பின், எந்தப் பக்கம் சொருகினாலும் போகும், 2014-ல வந்த டிசைன். அந்த ஓட்டைக்குள்ள என்ன வசதி இருக்குங்கிறது முழுக்க வேற கதை. மூணு வேலை இருக்கு: ஃபைல் அனுப்புறது, லேப்டாப்பை சார்ஜ் பண்றது, மானிட்டருக்குப் படம் அனுப்புறது. ஒரே மாதிரி தெரியிற ரெண்டு ஓட்டையில ஒண்ணு மூணையும் செய்யும், இன்னொண்ணு முதல் வேலையை மட்டும் செய்யும்.

ரைஸன் மாடலோட ஸ்பெக் ஷீட்டைத் தேடிப் பாத்தேன். டைப்-சி வரிக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள "டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி". ஐ3 மாடல்ல "டேட்டா டிரான்ஸ்ஃபர், பவர் டெலிவரி, டிஸ்ப்ளேபோர்ட்". ஒரு வரி, அவ்வளவுதான்! ஆனா ஹாஸ்டல்ல அந்த ஒரு வரியோட மதிப்பு பெருசு. முதல் லேப்டாப்போட உருண்டை பின் சார்ஜர் செத்துப்போச்சுன்னா அதே பின், அதே வோல்ட்டுல வேற தேடணும். பரீட்சை நேரம்னா வேற வழியே இல்ல. ரெண்டாவதுக்கு பக்கத்து ரூம்ல யார்கிட்டயாவது 65 வாட் பிடி சார்ஜர் இருந்தா போதும்.

பவர் டெலிவரி, அதாவது பிடி, எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடுறேன், ஏன்னா இதுல நெறைய பேர் குழம்புறாங்க. சொருகினதும் சார்ஜர் 5 வோல்ட்தான் கொடுக்கும். அப்புறம் அந்த ஓட்டையில இருக்கிற ஒரு தனி பின் வழியா சார்ஜரும் லேப்டாப்பும் பேரம் பேசும். "என்கிட்ட 9 இருக்கு, 15 இருக்கு, 20 இருக்கு, எது வேணும்?" லேப்டாப் "20 கொடு"ங்கும். பேரம் படிஞ்சாத்தான் வோல்ட்டேஜ் ஏறும். உங்க போன் சார்ஜர்ல 80 வாட்னு போட்டிருக்கும், ஆனா அதை லேப்டாப்ல போட்டா ஏறவே ஏறாது. காரணம், பல போன் கம்பெனிங்க தங்களுக்குன்னு சொந்த பாஷை வெச்சிருக்காங்க; சார்ஜருக்கு பிடி பாஷை தெரியலைன்னா 5 வோல்ட்லயே நின்னுடும். அதனால சார்ஜர் வாங்கும்போது வாட் நம்பரை மட்டும் பாக்காதீங்க. பின்பக்கம் பொடி எழுத்துல 20 வோல்ட் இருக்கான்னு பாருங்க.

கேபிளும் இதே கதைதான். சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்ல பெருக்கினா 60 வாட். அதுக்கு மேல 5 ஆம்பியர் போகணும்னா கேபிள் தலைக்குள்ள இ-மார்க்கர்னு ஒரு சின்ன சிப் இருக்கணும். அப்ப 100 வாட் வரை. 2021-ல வந்த புது விதிப்படி 48 வோல்ட் வரைக்கும் ஏத்தி 240 வாட் வரை போகலாம். இன்னொரு வேடிக்கை: போன் பெட்டியில வர்ற கேபிள் பெரும்பாலும் சார்ஜ் நல்லா பண்ணும், ஃபைல் விஷயத்துல பழைய யுஎஸ்பி 2.0 வேகம்தான், 480 எம்பிபிஎஸ். 40 ஜிபி ப்ராஜெக்ட் ஃபோல்டரை அதுல காப்பி போட்டா கால் மணி நேரம் தாண்டும். 5 ஜிபிபிஎஸ் கேபிள்ல, எஸ்எஸ்டியும் நல்லதா இருந்தா, ஒண்ணரை ரெண்டு நிமிஷம்.

யுஎஸ்பி பேரு வைக்கிற கூத்தைச் சொல்லியே ஆகணும். 2008-ல யுஎஸ்பி 3.0 வந்துச்சு, 5 ஜிபிபிஎஸ். அப்புறம் அதையே 3.1 ஜென் 1-ன்னாங்க. அப்புறம் அதையே 3.2 ஜென் 1-ன்னாங்க. நம்ம ஊர்ல ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, தெருவுல கூப்பிடுறது ஒரு பேருன்னு இருக்குமே, அதேதான். "3.2 வந்திருக்கு, லேட்டஸ்ட்"னு யாராவது சொன்னா, ஜென் எத்தனைன்னு கேளுங்க. ஜென் 1-ன்னா 5, ஜென் 2-ன்னா 10, ஜென் 2x2-ன்னா 20. 2022-லதான் அந்த அமைப்புக்கே வெறுத்துப்போய், "பேசாம யுஎஸ்பி 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ்னே போடுங்கப்பா"ன்னு சொன்னாங்க. யுஎஸ்பி4-ம் தண்டர்போல்ட் 4-ம் 40 ஜிபிபிஎஸ் வரைக்கும் போகும். வீடியோ எடிட் பண்றவங்க, ஒரே கேபிள்ல ரெண்டு 4கே மானிட்டர் ஓட்டுறவங்க அதுக்குக் காசு போடலாம். முதல் வருஷ மாணவிக்கு அது தேவையில்லாத செலவு.

இந்தக் குழப்பம் மெதுவா குறையுது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 24எச்2-ஓட சான்றிதழ் வாங்குற லேப்டாப்ல எல்லா டைப்-சி ஓட்டையும் டேட்டா, சார்ஜ், டிஸ்ப்ளே மூணையும் குறைஞ்சபட்சமாவது செய்யணும்னு கட்டாயம் ஆக்கியிருக்கு. ஐரோப்பிய யூனியன்ல போனுக்கு 2024 டிசம்பர் 28-ல வந்த பொதுச் சார்ஜர் சட்டம், லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28-ல இருந்து. நம்ம பிஐஎஸ் டைப்-சிக்கு இந்தியத் தரத்தை 2023 ஜனவரியிலேயே வெளியிட்டுடுச்சு. ஆனா கடையில தள்ளுபடியில நிக்கிறது பழைய சரக்கு. அதுல விதி எதுவும் உங்களைக் காப்பாத்தாது, அந்த அடைப்புக்குறியை நீங்கதான் படிக்கணும்.

கடைசியில ஐ3-தான் எடுத்தாங்க. மிச்சமான மூவாயிரத்தை ரேமுக்குன்னு அத்தை தனியா முடிஞ்சு வெச்சிருக்காங்க.

புதுசு வாங்க காசு பத்தாதவங்க செகண்ட் ஹேண்ட் பக்கம் போவாங்க. சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க கம்பெனிகள்ல இருந்து திரும்பி வந்த பிசினஸ் லேப்டாப்தான். கட்டுமானம் புது பட்ஜெட் மாடலை விட உறுதியா இருக்கும், நான் அதை மரியாதையா பாக்குற ஆளு. ஒரே ஒரு கோடு மட்டும் மனசுல வெச்சுக்கங்க: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறையாவது வேணும். திங்க்பேட் டி480 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பார்க்க அதே மாதிரி இருக்கிற டி470 அந்தப் பக்கம். லினக்ஸ் மட்டும் போடுவேன்னா டி470-ம் தங்கம்தான், ஆனா காலேஜ் பரீட்சை சாஃப்ட்வேர் விண்டோஸ்தான் கேக்கும்னா மாட்டிப்பீங்க.

வைஃபை பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க. வைஃபை 6 இருந்தா போதும், 7-க்காக ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க. ஹாஸ்டல் ரவுட்டர் எந்தக் காலத்துதுன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப கடைக் கவுன்டர்ல காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி. டெமோ பீஸை ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர் திறங்க, பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. "ஃபார்ம் ஃபேக்டர்"ங்கிற இடத்துல எஸ்ஓ-டிம்னு இருந்தா ஸ்லாட்ல இருக்கிற ரேம், "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா பத்தவெச்சது. பக்கத்துலயே எத்தனை ஸ்லாட்ல எத்தனை பயன்பாட்டுல இருக்குன்னும் காட்டும். அப்புறம் ஒரு பிடி சார்ஜரைக் கையோட கொண்டு போங்க. டைப்-சில சொருகி பேட்டரி ஐகான்ல ப்ளக் குறி வருதான்னு பாருங்க. கடைக்காரர் வாயால சொல்றதை விட அது நம்பிக்கையானது. செகண்ட் ஹேண்ட்னா விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் இப்ப இருக்கிற ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்க. பாதிக்குக் கீழன்னா புது பேட்டரி விலையைக் கழிச்சுக் கேளுங்க. "ஆன்சைட் வாரண்டி"ன்னு போட்டிருந்தா உங்க பின்கோடுக்கு ஆள் வருவாங்களான்னு கம்பெனி சைட்ல போட்டுப் பாருங்க. அரிமளம் மாதிரி ஊர்ல இருந்தா, வராதுன்னா ரிப்பேருக்கு ஒவ்வொரு தடவையும் திருச்சி பஸ் ஏறணும்.

அடுத்த எபிசோட் மானிட்டரும் எச்டிஎம்ஐ-யும். கேள்வியை அனுப்புங்க, ஸ்பெக் ஷீட் இருந்தா அதையும் சேத்து அனுப்புங்க. வரேன் மக்களே.