கொட்டியாரக் குடாவின் வெளிச்சவீடு

கொட்டியாரக் குடாவின் தென்கிழக்கு வாயிலில், மூதூர்க் கரையோரமாக ஃபவுல் முனை வெளிச்சவீடு நிற்கிறது. 1863இல் ஆங்கிலேயர் கட்டிய இது ஏறத்தாழ 32 மீற்றர் உயரமானது. இரவில் திருகோணமலையை நாடும் கப்பல்களுக்குக் குடாவின் தெற்கு எல்லையைக் காட்டுவதே இதன் வேலையாக இருந்தது. உள்நாட்டுப் போரில் சேதமடைந்த பின் விளக்கு எரியவில்லை.

திருகோணமலையிலிருந்து கடல்வழியே பார்த்தால் கிட்டத்தான். தரைவழியோ குடாவைச் சுற்றி வளைகிறது. கிண்ணியாவில் முன்பு வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் கடந்தன. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அதைத் தாண்டி மூதூர், பிறகு சம்பூர்ப் பக்கம்.

வெளிச்சவீட்டுக்கு வழி திறந்திருக்கிறதா என்ற குழப்பம் அங்கேதான். 2006 செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் வசமானது. மறு ஆண்டு அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. வெளியாரை விடுங்கள், ஊரவரே சொந்தக் காணிக்குள் கால்வைக்க முடியவில்லை. 2015இலிருந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆகவே ஒருவர் போய்வந்த வழி இன்னொருவருக்கு அடைபட்டிருந்ததில் வியப்பில்லை. இருவர் சொல்வதும் அந்தந்தக் காலத்தில் உண்மையே. வரைபடத்தில் பாதை தெரிவது அனுமதி ஆகாது. மூதூரிலோ சம்பூரிலோ அன்றைய நிலையை விசாரித்து, பகல் வெளிச்சத்தில் போவதே உசிதம். கடற்படை நிலைகளைப் படமெடுக்கக்கூடாது.