எல்லைக் காடு – 11: நொண்டும் மான் எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை விடிந்தால் குந்தாரப்பள்ளியில் மாட்டுச் சந்தை. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். கோமாரி மட்டும் யார் கண்ணிலும் படாமல் கைமாறிவிடும். வாயில் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மாட்டின் எச்சிலில் வைரஸ் இறங்கிவிடுகிறது. அப்படி வாங்கிய மாடு தளிக்கோ அஞ்செட்டிக்கோ போய்ச் சேர்ந்து, மறுவாரமே காட்டோரம் மேயும்.

அங்கே புள்ளிமானும் மேய்கிறது. கடமான் பகலெல்லாம் புதருக்குள் கிடந்து, இருட்டிய பிறகே வெளியே வரும். புள்ளிமானுக்குத் திறந்த புல்வெளியும் காட்டின் விளிம்பும்தான் பிடிக்கும். மாட்டுக்கும் அதே இடம்தான். மாட்டு நோயோடு உரச அதற்கே வாய்ப்பு அதிகம்.

கோமாரி கண்ட மானுக்கு முதலில் காய்ச்சல். பிறகு நாக்கிலும் ஈறிலும் கொப்புளம். எச்சில் நூலாக வடியும். குளம்பின் பிளவில் புண் வந்துவிட்டால் காலை ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடி நிற்கும். நக்கும், இரண்டு எட்டு வைக்கும், மறுபடி நிற்கும். முற்றினால் குளம்பின் ஓடே கழன்றுவிடும். மந்தை நகர்ந்துவிட, இது பின்தங்கும். பாறைச் சரிவு இனி அதற்கு ஆகாது. தண்ணீருக்குப் பக்கத்தில், சமதரையில் ஒண்டிக்கொள்ளும். உள்காட்டில் என்றால் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் வேட்டை சுலபம். விளிம்பில் என்றால் ஊர்நாய்க்கு.

கொலராடோவில் 1967இல் முதலில் தென்பட்ட மான் நலிவு நோயிலும் இதே கதைதான்: நோய் கண்ட மான்களே பூமாவிடம் அதிகம் சிக்கின. அந்நோய் 2016இல் நார்வேக்கு வந்தபோது, ஒரு மலைப்பகுதியின் கலைமான் கூட்டம் முழுவதையும், ஏறத்தாழ 2,000 உருப்படிகளை, சுட்டுத் தீர்த்தார்கள். இந்தியாவில் அது இதுவரை கண்டறியப்படவில்லை. நமக்கு மாட்டிடமிருந்து வருவதே போதும். 1968இல் முதுமலையில் காட்டெருமைகளை வாரிக்கொண்டு போனது வெக்கை நோய்.

தளி, அஞ்செட்டியை ஒட்டிய மேலகிரி வறண்ட காடு. கோடையில் ஓடைகள் வற்றிப்போக, வனத்துறைத் தொட்டிகளைச் சுற்றியே விலங்குகள் கூடும். தண்ணீர் வைப்பது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் கண்ட மானும், நலமான மந்தையும், சில இடங்களில் ஊர் மாடும் ஒரே தொட்டியில் வாய் வைக்கின்றன. இங்கேதான் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. ஜவளகிரிக் காடு பன்னேர்கட்டாவோடு தொட்டுக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் பெரிய காடுதான். ஓசூர்ப் பக்கம் வந்தால் சிப்காட், ரோஜாப் பசுமைக்குடில்கள், தேசிய நெடுஞ்சாலை 44. நோய் வந்த இடத்தை விட்டு மந்தை விலக நினைத்தாலும், இந்தப் பக்கம் விலக இடமில்லை.

சரணாலயங்களுக்குள் மாடு மேய்க்க 2022இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கிவரும் ஊர்களில் தடை மட்டும் மாட்டைக் கட்டிப்போடாது. தடுப்பூசி நோயைக் கட்டிப்போடும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசி ஆண்டுக்கு இருமுறை, செலவு அரசினுடையது. என் யோசனை எளிது: தளியிலும் எல்லை தாண்டி ஆனேக்கல்லிலும் ஒரே வாரத்தில் போடட்டும், காட்டோர ஊர்களில் முதலில் போடட்டும், தொட்டிகளில் கூட்டம் சேரும் கோடைக்கு முன்பே.

(அடுத்த வாரம்: சானமாவு யானைகள்)