உங்களுக்குத் தெரியுமா? ஆசிரியரே சந்தேகம் கேட்கும் ரசிகர்!

கற்பனாலோகம் ஒன்றின் ராஜ வம்சாவளிகளையும் யுத்தங்களையும் கொடிச் சின்னங்களையும் கரதலப்பாடமாக வைத்துக்கொண்டு, ரசிகர்கள் ஒருவரையொருவர் வினாக்களால் மடக்கிப் பார்ப்பதை வெறும் வீண்பொழுதென்று ஒதுக்குவோர், அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே தாம் சிருஷ்டித்த வெஸ்டரோஸ் பற்றிய சந்தேகங்களை அத்தகைய ரசிகர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்ததுண்டு என்று அறிந்தால் ஆச்சரியமடைவார்கள். அந்த ரசிகரான எலியோ கார்சியாவும் அவருடைய வாழ்க்கைத் துணைவி லிண்டா ஆன்டன்சனும், அவ்வுலகத்தின் சரித்திரமாக 2014-ல் வெளிவந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்னும் பெருநூலில் மார்ட்டினுடன் கூட்டாசிரியர்களாகவே அமைந்துவிட்டார்கள். மார்ட்டினின் நாவல் தொடரில் ஒரு பாகத்தில் ஆணாயிருந்த குதிரை பிறிதொரு பாகத்தில் பெண்ணாகிவிடுவது போன்ற பிழைகள், எழுதியவர் கண்ணுக்குத் தப்பினாலும் இந்தப் பரீட்சகர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை!

ஆயினும், ரசிகர்கள் எழுப்பும் எல்லா வினாக்களுக்கும் விடை உண்டென்று கருதிவிடலாகாது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலில் வரும் பால்ராக் என்னும் அக்கினிப் பூதத்துக்குச் சிறகுகள் உண்டா என்ற சர்ச்சை, ஆசிரியர் முதலில் அதன் நிழலுக்குச் சிறகை உவமையாகக் கூறிவிட்டு, சற்றுப் பின்னர் சிறகுகள் விரிந்தன என்றே எழுதிவிட்டபடியால், இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதே நாவலின் டாம் பாம்படில் யாரென்பதையோ, டோல்கீன் வேண்டுமென்றே புதிராக விட்டுவிட்டார்.