சுற்றோட்டம் என்னும் சொல்

ஆங்கிலத்திற் 'சர்க்குலேஷன்' என வழங்கும் சொல்லைத் தமிழாக்கப் புகும் மாணவன் விரைவில் இடர்ப்படுவான். குருதிக்குச் சுற்றோட்டம் என்றும், பணத்துக்குப் புழக்கம் என்றும், பத்திரிகைக்கு விற்பனை என்றும், நூலகத்துக்கு இரவல் வழங்கல் என்றும் அகராதிகள் வெவ்வேறு சொற்களைக் காட்டும். ஒரு பொருளைக் குறிக்க ஒரு சொல் இல்லாமை தமிழின் வறுமை எனச் சிலர் கருதுவர். எமது கருத்து அதுவன்று. சிறு வட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அவ்வாங்கிலச் சொல், சென்றது மீளுமா, மீளாதா என்னும் வினாவை மறைத்துவிடுகின்றது. தமிழோ அவ்வினாவை விடுத்துப் பேச இடந்தருவதில்லை.

பணத்தை நோக்குவோம். செலவு, செலாவணி, செல்லாக்காசு என்பனவெல்லாம் 'செல்' என்னும் அடியிற் பிறந்தவை. அவற்றில் வட்டம் இல்லை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேது' எனப் பொறித்து வெளியிட்ட காசு கை மாறிக் கை மாறிச் சென்றதேயன்றிக் கொடுத்தவனிடம் திரும்பவேண்டும் என்னும் நியதி அதற்கு இருந்ததில்லை. மீள வேண்டுமாயின் அது கடனாகும், அல்லது கைமாற்றாகும். பத்திரிகைக்கும் இது பொருந்தும். 1841 இல் 'உதயதாரகை'யும் 1889 இல் 'இந்துசாதன'மும் இக்குடாநாட்டில் தோன்றின. இத்தகைய ஏடுகளின் விற்பனையைப் படிகளால் எண்ணலாம். ஆயின் வாசிகசாலையில் ஒரு படியைப் பலர் படிக்கும் ஊரில் அவ்வெண் வாசகர் தொகையைக் காட்டாது. 'பரவல்' என்பதே ஈண்டுப் பொருந்துஞ் சொல். நூலகத்து நூல் மாத்திரம் சென்றவாறே மீளற்பாலது. ஆதலின் அது இரவல். இரவல் நூலைச் செலவெழுதிவிடும் நண்பர்கள் எவ்வூரிலும் உளர்; அது சொல்லின் குற்றமன்று.

இவ்வேறுபாட்டின் அருமை குருதியின் வரலாற்றிலே நன்கு புலனாகும். பண்டைக் கிரேக்க மருத்துவராகிய கேலன், உணவிலிருந்து ஈரலிலே குருதி உண்டாகி, நாளங்கள் வழியாக உறுப்புக்களை அடைந்து, ஆங்கே செலவாகி ஒழிகின்றது எனக் கொண்டார். துலாவால் இறைத்த நீர் வாய்க்கால் வழியே பாத்தியை அடைந்து பயிருக்கு உணவாவது போன்ற காட்சி இது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் இக்கொள்கையே நிலவிற்று. 1628 இல் வில்லியம் ஹார்வி அதனைத் தகர்த்தார். அவர் கையாண்ட கருவி கணக்கே. இன்றைய அளவுகளாற் கூறின், வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள குருதி ஏறக்குறைய 5 இலீற்றர். ஓய்ந்திருக்கும்போதும் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவையே வெளித்தள்ளுகின்றது. அஃதாவது அரைமணி நேரத்தில் 150 இலீற்றர். இத்துணைக் குருதியை எவ்வுணவு ஆக்கவல்லது? ஆகவே சென்ற குருதியே மீண்டு வருதல் வேண்டும். நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்த்துளைக் குழாய்களை ஹார்வி கண்டாரல்லர். 1661 இல் மல்பீகி தவளையின் நுரையீரலிலே அவற்றைக் கண்டார்.

'இரத்த ஓட்டம்' எனப் பலரும் எழுதுகின்றனர். ஓட்டத்தைக் கேலனும் மறுத்தாரல்லர்! 'சுற்று' என்னும் அடையிலேதான் ஹார்வியின் கண்டுபிடிப்பு முழுவதும் அடங்கியுள்ளது. நம் பாடநூல்கள் 'குருதிச் சுற்றோட்டம்' என்பதைக் கைக்கொண்டமை பாராட்டத்தக்கது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் பெயர்த்த வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலாகக் கலைச்சொல்லாக்குவோர்க்கு இத்தகைய நுட்பங்களே பெரும் பணியாய் அமைந்தன.

கேலனுக்கு உவமையாகக் கூறிய இறைப்பு நீர்க்கு இனி மீளுவோம். அவ்வுவமையும் நமது மண்ணில் முற்றும் பொருந்துவதன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இக்குடாநாட்டில் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்கள் வழியே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. அதனையே கிணறுகளால் எடுக்கின்றோம். பாத்திக்கு இறைத்த நீரிற் பயிர் உண்டதும் ஆவியாகியதும் போக எஞ்சியது மீண்டும் அக்கல்லினூடே இறங்கிக் கிணற்றை அடைகின்றது. பாய்ச்சியதோடு முடிந்தது என நாம் எண்ணிய நீர் உண்மையிற் சுற்றோட்டத்தில் இருக்கின்றது. வெறுங்கையோடும் அது மீள்வதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிகையாக இட்ட உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்றைச் சுமந்து வருகின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகளில் அவ்வெல்லை கடந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

அந்நீரிற் கரைத்த பாலைக் குழந்தைக்கு ஊட்டின், நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாக மாறிக் குருதியின் செந்நிறப் பொருளைக் கெடுக்கும். அது ஒட்சிசனைச் சுமக்குந் திறனை இழக்கும். காய்ச்சுதலால் நைத்திரேற்று நீங்குவதில்லை; நீர் வற்றுதலால் அதன் செறிவு மிகும். மூன்று திங்கள் நிரம்பாத சேய்க்கே இடர் மிகுதி. குருதி சுற்றிக்கொண்டே இருப்பினும் அதன் உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.